கஸ்தானை வாளும் காணாமற்போன கடுதாசியும்

ரொறொன்ரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் அண்மையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அங்குள்ள பழம்பொருட் சந்தையொன்றில் பழைய வாள் ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கினாராம். பிடியின் உச்சியில் தலைக்கவசம் அணிந்த ஒரு போர்வீரனின் தலை. அலகில் சிலுவையும் கொடியும் பூவேலையும். அவற்றின் நடுவே ஒரு மனிதரின் முழுப்பெயர். "இது எந்தப் போரில் பயன்பட்டது?" என்று கேட்டிருந்தார். கூடவே இன்னொரு கேள்வி: "நீங்கள் வத்தேகமவில் இருக்கிறீர்கள். கண்டிப் பக்கத்தில் சிங்கத் தலை போட்ட பழைய வாள்கள் விலைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். ஒன்று வாங்கித் தர முடியுமா?"

முதற் கேள்விக்குப் பதில் எளிது. அந்த வாள் எந்தப் போரையும் கண்டதில்லை. இரண்டாவது கேள்விக்கு என்னால் ஒரே வரியில் பதில் எழுத முடியவில்லை. அதுவே இக்கட்டுரையாக விரிந்திருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபின், அந்நாட்டில் சகோதர சங்கங்கள் மழைக்காலக் காளான்களைப் போல முளைத்தன. ப்ரீமேசன் இயக்கத்தின் ஒரு கிளையான நைட்ஸ் டெம்ப்ளர், 1864 இல் வாஷிங்டனில் தோன்றிய நைட்ஸ் ஒஃப் பைதியஸ், 1882 இல் கத்தோலிக்கர்களுக்காகத் தொடங்கிய நைட்ஸ் ஒஃப் கொலம்பஸ் என்று பட்டியல் நீளும். கடைக்காரர், ரயில்வே எழுதுவினைஞர், பல் வைத்தியர் எனப் பலதரப்பட்டவர்கள் இவற்றில் உறுப்பினராகி, ஊர்வல நாட்களில் இறகுத் தொப்பி அணிந்து இடுப்பில் வாள் கட்டி நடந்தார்கள். போருக்கு வாள் செய்துகொடுத்த மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏம்ஸ் நிறுவனம் போன்றவை சமாதான காலத்தில் இச்சங்கங்களுக்கு வாள் செய்து பிழைத்தன. ஒஹையோவின் எம். சி. லில்லி நிறுவனத்துக்கு இதுவே பெருந்தொழில். உறுப்பினர் தம் சொந்தப் பணத்தில் வாங்குவார். தம் பெயரை அலகில் பொறிக்கச் செய்வார். ஆயிரக்கணக்கில் உற்பத்தியானதால்தான் இன்று அவை மலிவாகக் கிடைக்கின்றன.

இத்தகைய வாள்களைச் சேகரிப்போரிடம் நான் மதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பலர் வாளை வாங்கியவுடன் அதிலுள்ள பெயரைத் தேடத் தொடங்குகிறார்கள். பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் என்று ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்த மனிதர் யார், எங்கே கடை வைத்திருந்தார், எப்போது இறந்தார் என்று கண்டுபிடித்து எழுதி வாளோடு சேர்த்து வைக்கிறார்கள். அலகைப் பளபளப்பாக்கித் தேய்ப்பவரை அவர்கள் கோபித்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே. அமிலத்தால் பொறித்த எழுத்து மிக மெல்லியது. இரண்டு தடவை மினுக்குப் பசை போட்டுத் தேய்த்தால் பெயர் போய்விடும். பெயர் போனால் எஞ்சுவது பழைய இரும்பு.

ப்ரீமேசன் வாள் நமக்கும் அந்நியமானதன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே அவ்வியக்கம் இலங்கையில் கால்வைத்தது. தமிழகத்தில் ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770 களில் திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்ந்தார். சங்கம் கூடும்போது கதவுக்கு வெளியே உருவிய வாளுடன் நிற்கும் காவலருக்கு 'டைலர்' என்று பெயர். (தையற்காரர் என்று மயங்க வேண்டாம்.) அந்த வாள் யாரையும் வெட்டுவதற்கானதன்று. உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்று பிரித்துக் காட்டுவதற்கான அடையாளம்.

கண்டியின் கஸ்தானை வாளும் இதே இனத்தைச் சேர்ந்தது என்பதுதான் நம்மவர் பலர் கவனிக்கத் தவறும் விடயம்.

இலங்கையின் தேசியக் கொடியில் சிங்கம் வலது கையில் ஏந்தியிருப்பது கஸ்தானை வாள். அந்தக் கொடிக்கே ஒரு பயணக் கதை உண்டு. 1815 க்குப் பின் பிரித்தானியர் கொண்டுபோன கண்டி அரசின் கொடியை லண்டன் செல்சி இராணுவ மருத்துவமனையில் ஈ. டபிள்யூ. பெரேரா அடையாளம் கண்டார். கண்டி ஒப்பந்தத்தின் நூற்றாண்டான 1915 இல் அதன் படத்தைத் 'தினமின' பத்திரிகை வெளியிட்டது. பழைய பொருள் ஒன்றை மீட்பதற்குப் பத்திரிகைத் தொழில் உதவிய அபூர்வமான சந்தர்ப்பங்களில் ஒன்று என்பதால் இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

கஸ்தானை குட்டையான, சற்றே வளைந்த வாள். பிடியின் உச்சியில் வாயைப் பிளந்த சிங்கத் தலை. கைக்காப்பின் நுனிகளிலும் சிறிய யாளித் தலைகள் எட்டிப் பார்க்கும். கைத்தடியின் பூணைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். வேலைப்பாடு முழுவதும் பிடியிலும் உறையிலும்தான். அலகைப் பார்த்தால் பல வாள்களில் ஏமாற்றமே மிஞ்சும். அது ஐரோப்பாவிலிருந்து வந்த சாதாரண அலகாக இருக்கும். சிலவற்றில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை கூடக் காணப்படும். பிடி செய்தவர் கண்டிப் பொற்கொல்லர். அலகு செய்தவர் கண்காணாத ஐரோப்பியக் கொல்லர். இதைக் கண்டவுடன் 'போலி' என்று ஒதுக்கும் புதிய சேகரிப்பாளர் உண்டு. அது தவறு. அக்காலத்து அசல் கஸ்தானையே அப்படித்தான் இருந்தது.

வெட்டுவதற்கு இல்லையென்றால் எதற்கு? அந்தஸ்தைக் காட்டுவதற்கு. கண்டி மன்னர் தம் பிரதானிக்குப் பதவி கொடுக்கும்போது வாளும் கொடுத்தார். கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதே வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முதலியாரின் வாளில் பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, அவருக்குக் கீழுள்ள முகாந்திரத்தின் வாளுக்கு என்ன உலோகம், ஆராச்சிக்கு என்ன என்பதெல்லாம் படிநிலைக்கு ஏற்ப மாறும். இடுப்பைப் பார்த்தே ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். அமெரிக்க சகோதர சங்கத்தார் தம் வாளைக் கடையில் வாங்கினார். நம் முதலியார் அதை ஆள்பவரின் கையிலிருந்து வாங்கினார். வேறுபாடு அவ்வளவே. இரண்டுமே ஒரு கூட்டத்தில் சேர்ந்ததற்கான சீட்டு.

ஆனால் இந்தச் சீட்டோடு இன்னொரு சீட்டும் இருந்தது. பதவி நியமனப் பத்திரம். இன்னாருக்கு, இன்ன ஆண்டில், இன்ன பகுதிக்கு, இன்ன பதவி என்று தேசாதிபதியின் கையொப்பத்துடன் வந்த கடுதாசி. மன்னர் காலமென்றால் சன்னஸ். அமெரிக்க வாளில் பெயர் அலகிலேயே இருக்கிறது. கஸ்தானையில் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. அது அந்தக் கடுதாசியில்தான் இருக்கிறது. வாளை விற்பவர் வாளை மட்டும் விற்கிறார். கடுதாசி அலுமாரியின் அடியில் கிடந்து கறையானுக்குப் போகிறது. அல்லது வெவ்வேறு பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது வாள் ஒருவருக்கும் பத்திரங்கள் இன்னொருவருக்கும் போய்ச் சேருகின்றன. ஒரு தலைமுறை கடந்தால், "எங்கள் பாட்டனாரின் வாள்" என்பது "ஒரு பழைய சிங்களவாள்" ஆகிவிடுகிறது. கண்டியிலும் பேராதனை வீதியிலும் பழம்பொருட் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் படுத்திருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. வந்த வழியைக் கேட்டால் கடைக்காரர் புன்னகைப்பார். அதிகம் வற்புறுத்தினால், "பழைய வளவு ஒன்றிலிருந்து வந்தது" என்பார். கண்டியில் பழைய வளவுகளுக்குப் பஞ்சமில்லை.

நான் வாள் சேகரிப்பவன் அல்லன். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் செலவிட்டவன். 'யார், எங்கே, எப்போது' என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலில்லாத செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்றுதான் எனக்குக் கற்பித்தார்கள். அதே அளவுகோலைத்தான் வாளுக்கும் வைக்கிறேன்.

இந்த அளவுகோல் வெறும் தொழிற்பழக்கம் அன்று. அதற்குப் பெரிய சான்று அண்மையில் கிடைத்தது. 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு தன் நூதனசாலைகளிலிருந்து 478 பொருட்களைத் திருப்பியளிப்பதாக அறிவித்தது. மிகப் பெரும்பாலானவை இந்தோனேசியாவுக்கு உரியவை. இலங்கைக்கு 6. அந்த ஆறில் ஒரு பொற்கஸ்தானையும் ஒரு வெள்ளிக் கஸ்தானையும் இருந்தன. மற்றவை ஒரு சிங்களக் கத்தி, 'மகா துவக்கு' எனப்படும் இரண்டு சுவர்த் துப்பாக்கிகள், லெவ்கே திசாவ 1740 களில் மன்னருக்குக் கொடுத்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி. ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் நூதனசாலையில் இருந்த இவை அவ்வாண்டின் முடிவில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

இவை போனது எப்படி? 1765 பெப்ரவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படையுடன் கண்டிக்குள் நுழைந்தார். மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரை விட்டு வெளியேறிவிட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது. ஒல்லாந்தரால் கண்டியில் நிலைக்க முடியவில்லை. நோயும் பட்டினியும் அவர்களை அதே ஆண்டில் துரத்திவிட்டன. வான் எக் ஏப்ரலிலேயே இறந்துபோனார். ஆனால் அள்ளிய பொருட்கள் போன கப்பல் திரும்பவில்லை. அவை ஒல்லாந்த இளவரசரின் அதிசயப் பொருட் கூடத்துக்குச் சென்றன; பின்னர் அரச நூதனசாலைக்கு மாறின.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றை நினைவிற்கொள்வது நல்லது. அந்த அரண்மனையில் அப்போது இருந்தது மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வமிசம். 1739 இல் முடிசூடிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முதல், 1815 இல் சிறைப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வரை நால்வர். லெவ்கே திசாவ அந்தப் பீரங்கியைக் கொடுத்தது இவர்களில் முதல்வருக்கு. சிங்களப் பிரதானி, தென்னிந்தியப் பூர்வீகமுடைய மன்னர், ஐரோப்பிய அலகு, கண்டிக் கொல்லர். இதை 'எங்களது' என்று ஒரு சாரார் மட்டும் கூவுவதும், 'நமக்கென்ன' என்று இன்னொரு சாரார் முகம் திருப்புவதும் எனக்கு ஒரே மாதிரியான அறியாமையாகவே படுகின்றன. ஸ்ரீ விக்கிரமன் பிடிபட்ட இடமும் எங்கள் வத்தேகமவுக்கு அந்நியமானதன்று. நாங்கள் பாத்ததும்பறை, அவர் பிடிபட்டது மெதமகாநுவரவுக்கு அருகில், அதே தும்பறைப் பெருநிலத்தின் மறுகோடியில். அவர் 1832 இல் வேலூரில் இறந்தார்.

இப்போது முக்கியமான கேள்வி. சூறையாடப்பட்ட எத்தனையோ பொருட்களில் இந்த ஆறு மட்டும் ஏன் திரும்பின? ஒல்லாந்தருக்கு மனம் இளகியதால் மட்டும் அன்று. எழுதி வைத்திருந்ததால். பழைய இருப்புப் பட்டியல்கள், கடிதங்கள், கம்பனிக் குறிப்புகள் ஆகியவற்றை இரு நாட்டு ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் கிண்டி, இன்ன பொருள் இன்ன வழியாக வந்தது என்று நிறுவினார்கள். கொள்ளையடித்தவரின் கணக்குப் புத்தகமே கடைசியில் சாட்சியாக வந்தது. இதில் உள்ள நகைச்சுவை கசப்பானது.

எழுதி வைக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கும் கண்டியே உதாரணம். 1815 இல் பிரித்தானியர் கைப்பற்றிய மன்னரின் ஆபரணங்கள் 1820 ஜூனில் லண்டனில் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டன. சிம்மாசனமும் கிரீடமும் 1934 இல் குளொஸ்டர் கோமகனின் வருகையோடு திரும்பி வந்தன. ஏலத்தில் போனவை? தனியார் பெட்டகங்களுக்குள் போய், கற்கள் கழற்றப்பட்டு, வேறு நகைகளாகி, வேறு பெயர்களில் கைமாறியிருக்கும். கண்ணெதிரே வந்து நின்றாலும் இன்று அவற்றை அடையாளம் காண்பது அரிது. சேகரிப்பு என்ற பொழுதுபோக்கின் இருண்ட பக்கம் இதுதான். கொள்ளைக்காரன் ஒரு தடவை எடுக்கிறான். விலாசமில்லாமல் வாங்குபவன் அதை நிரந்தரமாக அநாதையாக்குகிறான்.

சேகரிப்பாளர்களை நான் திட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் பல வாள்கள் எப்போதோ உருகிப் போயிருக்கும். வறுமை வந்தால் வெள்ளியை உருக்குவது நம் நாட்டில் பழைய வழக்கம். உறையிலுள்ள வெள்ளித் தகடுதான் முதலில் போகும். அரசு நூதனசாலைகள் மட்டும் கோட்டையா என்றால் அதுவும் இல்லை. 2012 மார்ச்சில் கொழும்புத் தேசிய நூதனசாலையிலேயே திருடர்கள் புகுந்தார்கள். எனவே 'எல்லாவற்றையும் அரசிடம் கொடுங்கள்' என்ற மேடைப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனியார் வீட்டில் இருக்கலாம். ஆனால் பதிவோடு இருக்க வேண்டும்.

அந்தப் பதிவுக்கு நம் சட்டம் உதவுகிறதா? இங்கேதான் எனக்குப் பெரிய குறை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 'தொல்பொருள்' என்பதற்கு ஒரு கோடு கிழித்தது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டதே தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். நாட்டின் சுதந்திரம் போன நாளோடு வரலாறும் முடிந்துவிட்டது என்று கருதினார்களோ, என்னவோ. இந்தக் கோட்டின்படி, மன்னர் 1810 இல் தம் பிரதானிக்குக் கொடுத்த கஸ்தானை தொல்பொருள். அதே பிரதானி கட்சி மாறியதற்காகப் பிரித்தானியத் தேசாதிபதி 1820 இல் கொடுத்தால் அது தொல்பொருள் அன்று. இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே கொல்லன் கையால் செய்யப்பட்டிருக்கலாம். வாளைப் பார்த்து இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாலும் முடியாது. கடுதாசியைப் பார்த்தால் முடியும். ஆகவே சட்டத்தின் கோட்டுக்குத் தப்ப விரும்பும் வியாபாரிக்குக் கடுதாசி ஒரு தொல்லை. அது இல்லாமலிருப்பதே அவருக்கு வசதி. தெரிந்தோ தெரியாமலோ, சட்டமே வாளையும் கடுதாசியையும் பிரித்து வைக்கிறது.

1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துகள் சட்டம் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கோருகிறது என்பது உண்மை. பயணப் பொதியில் பழைய வாளைச் சுருட்டிக்கொண்டு போக நினைக்கும் வெளிநாட்டு உறவினர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது வாசலில் நிற்கும் காவல். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. 1815 என்ற நிலையான கோட்டை எடுத்துவிட்டு, நூறு ஆண்டு கடந்த பதவிச் சின்னங்கள் அனைத்தையும், பறிமுதல் அச்சமின்றி, உரிமையாளரிடமே விட்டுவைத்துப் பதிவுசெய்யும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'பதிந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்' என்ற பயம் இருக்கும்வரை யாரும் அலுமாரியைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று என்னாலும் சத்தியம் செய்ய முடியாது.

எழுதி வைப்பது எவ்வளவு பெரிய தொண்டு என்பதை நமக்குக் காட்டியவர் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் ஆங்கிலத் தேசாதிபதியின் மொழிபெயர்ப்பு முதலியார். 1835 இல் சட்ட நிரூபண சபையின் முதல் தமிழ் உறுப்பினர். அதாவது இந்தப் பதவிச் சின்னங்களின் உலகத்துக்கு உள்ளேயே வாழ்ந்தவர். அவருடைய பேரன் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வு அதிகாரியாக இலங்கைக்கு வந்து, கண்டிக் கிராமங்களில் அலைந்து, கொல்லர்களின் உலைக்கருகே அமர்ந்து, அவர்களின் உளி, அச்சு, வார்ப்பு, சொல்வழக்கு அனைத்தையும் குறித்துக்கொண்டார். 1908 இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இல்லையென்றால், அரச பட்டறைகளில் யார் என்ன செய்தார்கள் என்பது நமக்கு இவ்வளவு தெரிந்திராது. பாட்டனார் சின்னத்தைப் பெற்றார்; பேரன் சின்னத்தைச் செய்த கையைத் தேடிப் போனார். இரண்டில் எது பெரிது என்று நான் சொல்லத் தேவையில்லை. பின்னர் பி. ஈ. பி. தெரணியகல 1942 இல் சிங்கள ஆயுதங்கள் பற்றி எழுதிய கட்டுரை, வாள்களைப் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் முதலில் தேடுவது.

அந்தக் கொல்லர்களின் வழித்தோன்றல்கள் அழிந்துவிடவில்லை. குண்டசாலைக்கு அருகே நத்தரம்பொத்த கலாபுரவில் பித்தளையும் வெள்ளியும் இன்றும் உருப்பெறுகின்றன. வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு சிங்கத் தலை வாள்தான் வேண்டுமென்றால், கண்டிக் கைவினைஞர் ஒருவரிடம் புதியதைச் செய்வித்து வாங்குங்கள். செய்தவரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அலகிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். புதிய வாள் பொய் சொல்வதில்லை. அதே வாளைப் புளியும் சாம்பலும் பூசி, புகையில் கட்டி, 'இருநூறு வருடம்' என்று விற்கும்போதுதான் அது பொய்யாகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவரின் ஆசையும் டொலரும் அந்தப் பொய்க்கு எண்ணெய் வார்க்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முதலியார்களும் மணியகாரர்களும் உடையார்களும் இருந்தார்கள். போர்க்காலத்தில் வீடுகளை விட்டு ஓடியபோது பலர் நகையையும் உறுதியையும் எடுத்தார்கள். சிலர் பழைய பதக்கத்தையும் சங்கிலியையும் நியமனக் கடிதத்தையும் எடுத்தார்கள். அவை இன்று ஹரோவிலும் ஸ்காபரோவிலும் சிட்னியிலும் அலுமாரிகளில் இருக்கின்றன. உங்கள் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது. நான்கு வரி. தமிழில் எழுதினால் போதும். பொருளின் இருபுறத்தையும் படமெடுங்கள். முத்திரை இருந்தால் அருகே சென்று எடுங்கள். துருவைச் சுரண்டாதீர்கள். மினுக்குப் பசையைத் தொடாதீர்கள். கடுதாசியை மடித்த மடிப்பிலேயே விடாமல் விரித்து வையுங்கள். விற்க நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே விற்றுவிடுங்கள்; குறைந்தபட்சம் கடுதாசியின் பிரதியையாவது வாளோடு அனுப்புங்கள்.

வத்தேகமவிலிருந்து எழுதுபவன் இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் குன்றுகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் றப்பரும் நட்டவர்களுக்கு எந்தத் தேசாதிபதியும் வாள் கொடுக்கவில்லை. 1880 இல் மாத்தளைக்கு ரயில் வருவதற்கு முன், மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த 'பதவிச் சின்னம்' கழுத்தில் கயிற்றில் கட்டிய ஒரு தகர வில்லை. அதில் பெயர் இல்லை, இலக்கம்தான். அந்த இலக்கத்தைப் பார்த்து ரயிலிலும் சோதனைச் சாவடியிலும் எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவுசெய்தார்கள். கங்காணிக்கு மட்டும் கோட்டும் தலைப்பாகையும் பூண் போட்ட கைத்தடியும் இருந்தன. கஸ்தானை என்ற சொல்லுக்குள் அந்தப் பூண் ஒளிந்திருப்பது தற்செயலாக இருக்கலாம்.

கோப்பித் தோட்டங்கள் வெளியிட்ட பழைய கூலி நாணயங்களுக்கு நாணயச் சேகரிப்பாளர்களிடையே நல்ல மதிப்பு உண்டு. தோட்டத்தின் பெயரும் துரையின் பெயரும் அவற்றிலிருந்து வாசிக்கப்படுகின்றன. தகர வில்லைகளும் இனி மெல்ல மெல்லச் சந்தைக்கு வரும். லயத்துக் கூரையின் இடுக்கில், பழைய தகரப் பெட்டியின் அடியில், பாட்டியின் சுருக்குப் பையில் அப்படியொன்று இருந்தால், கடைக்காரர் நூறு ரூபாய் நீட்டுவதற்கு முன் அதை ஒரு கடித உறைக்குள் போடுங்கள். உறையின் மேல் அதை அணிந்தவரின் பெயரை எழுதுங்கள். இலக்கத்துக்கு உரிய பெயரை அறிந்தவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.